மூன்று அங்குலக் கயிறு

வெள்ளையடித்த பெரிய சுவர். அதில் மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு பருத்திக் கயிற்றுத் துண்டு, படுக்கைவசத்தில் ஆணியடித்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. துணி காயப்போடக் கொடி கட்டுவோமே, அந்த மாதிரிக் கயிறு. அரை அங்குலப் பருமன்கூட இருக்குமா என்பது சந்தேகம். இரண்டு முனைகளிலும் நூல் பிரிந்து நிற்கிறது. சுவரில் வேறெதுவும் கிடையாது. ரிச்சர்ட் டட்டில் என்ற அமெரிக்கக் கலைஞர் 1974இல் செய்த இந்தப் படைப்புக்கு 'மூன்றாம் கயிற்றுத் துண்டு' என்று பெயர். இன்றைக்கு இது வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டின் சேகரிப்பில் இருக்கிறது. லியனார்டோ டாவின்சியின் ஜினெவ்ரா ஓவியம் இருக்கிறதே, அதே நிறுவனம்தான்.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதன் படத்தைக் காட்டியபோது முதல் வரிசைப் பையன் ஒருவன், "மிச்சக் கயிறு எங்க சார்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. கயிறு நின்ற இடத்தில் அவன் கண் நிற்கவில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. கயிறு மூன்று அங்குலம்தான், ஆனால் அவன் பார்த்தது சுவர் முழுவதையும். டட்டிலின் கலையைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் சொல்லவரும் விஷயத்தை அவன் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டான்.

டட்டில் 1941இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ராவே என்ற ஊரில் பிறந்தவர். ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு 1963இல் நியூயார்க் வந்தார். பெட்டி பார்சன்ஸ் நடத்திய கலைக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பொல்லாக், ராத்கோ, பார்னெட் நியூமன் ஆகியோரின் ஆளுயரத்தை மிஞ்சும் ஓவியங்கள் ஒரு காலத்தில் மாட்டப்பட்டிருந்த சுவர்கள் அந்தக் கூடத்துடையவை. அந்தச் சுவர்களுக்கு நடுவே வேலை பார்த்த இளைஞர், 1964இல் காகிதத்தில் மூன்று அங்குலக் கனசதுரங்கள் பத்து செய்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான வெட்டு, ஒவ்வொரு விதமான மடிப்பு. உள்ளங்கையில் அடங்கும். அடுத்த வருஷமே அதே கலைக்கூடத்தில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி நடந்தது. அப்போது அவருக்கு 24 வயது.

அந்தக் காலத்தின் சூழலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1960களின் நடுவில் நியூயார்க்கில் மினிமலிசம் என்ற போக்கு ஓங்கியிருந்தது. டொனால்ட் ஜட் உலோகப் பெட்டிகளைப் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கினார். கார்ல் ஆண்ட்ரே செங்கற்களையும் உலோகத் தகடுகளையும் தரையில் வரிசையாக அடுக்கினார். கலைஞனின் கைத்தடம் எங்கும் தெரியக் கூடாது, அளவு கச்சிதமாக இருக்க வேண்டும், பொருள் தன்னைத் தவிர வேறெதையும் குறிக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை. அதே எளிமையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் விறைப்பை மட்டும் விட்டுவிட்ட ஒரு தலைமுறை பின்னாலேயே வந்தது. ஈவா ஹெஸ் ரப்பர்ப் பாலையும் கண்ணாடி இழையையும் தொங்கவிட்டார். ரிச்சர்ட் செர்ரா உருக்கிய ஈயத்தைச் சுவரின் அடியில் வீசினார். லிண்டா பெங்லிஸ் வண்ண ரப்பரைத் தரையில் ஊற்றினார். ராபர்ட் பிங்கஸ்-விட்டன் என்ற விமர்சகர் 1971இல் இந்தப் போக்குக்குப் போஸ்ட்மினிமலிசம் என்று பெயர் வைத்தார். அந்த வரிசையில் எல்லாரையும்விடக் குறைவாகப் பேசியவை டட்டிலின் வேலைகள்.

அவற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்தவை 1967இல் செய்த துணி எண்கோணங்கள். கான்வாஸ் துணியை எட்டுப் பக்கம் வருமாறு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, சாயத்தில் முக்கி எடுத்தவை. எட்டுப் பக்கங்களில் ஒன்றும் இன்னொன்றின் அளவில் இருக்காது. சட்டம் கிடையாது, இழுத்துக் கட்டிய மரக்கட்டை கிடையாது. மடித்து வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது பிரித்துச் சுவரில் சின்ன ஆணிகளால் மாட்டலாம், தரையிலும் விரிக்கலாம். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று நியமம் இல்லை. முன்பக்கம், பின்பக்கம் என்றும் இல்லை. சாயம் ஒரே சீராக ஏறியிருக்காது. மடித்துவைத்த கோடுகள் அப்படியே தெரியும். அவற்றை இஸ்திரி போட்டு நீக்குவதில்லை.

ஓவியம் என்றால் நமக்குச் சில நிச்சயங்கள் உண்டு. மேல், கீழ் இருக்கும். ஓரத்தில் சட்டம் வந்து 'இதுவரைதான் படம்' என்று சொல்லும். வண்ணம் துணியின்மேல் பூசப்பட்டிருக்கும். இந்த மூன்றையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார் டட்டில். வண்ணம் இங்கே துணியின்மேல் இல்லை, துணிக்குள் ஊறியிருக்கிறது. ஆனால் இதைச் சிற்பம் என்றும் சொல்ல முடியாது, தடிமனே இல்லை. நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்திலும் சிகாகோவிலும் இவற்றில் சில இருக்கின்றன. அவற்றை மாட்டப்போகும் ஊழியர், இன்றைக்கு எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்று தானே முடிவெடுக்க வேண்டும். கலைஞர் தன் உரிமையில் ஒரு பங்கை, பேர் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டார். இந்த நம்பிக்கை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1970இல் துணியும் போய்விட்டது. வெள்ளைக் காகிதத்தை எண்கோணமாக வெட்டி வெள்ளைச் சுவரிலேயே பசை தடவி ஒட்டினார். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்தால், காகிதத்தின் விளிம்பில் வெளிச்சம் படும்போது மட்டும் உருவம் பிடிபடும்.

அதற்கு அடுத்துக் கம்பி வேலைகள் வந்தன. 1971, 72 ஆண்டுகளில் மொத்தம் 48 செய்தார். என் கணிப்பில் அவருடைய உச்சம் இதுதான். முதலில் சுவரில் பென்சிலால், அளவுகோல் இல்லாமல், ஒரு கோடு. கோட்டின் முனையில் ஒரு சின்ன ஆணி. பூங்கொத்து கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய கம்பியை ஆணியில் சுற்றி, பென்சில் கோடு போன வழியிலேயே அதை வளைத்துக்கொண்டு போவார். கடைசியில் கையை எடுத்துவிடுவார். அவ்வளவு நேரம் சுவரோடு அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்த கம்பி, தன் முறுக்கத்தில் துள்ளிச் சுவரைவிட்டு முன்னால் வந்து நிற்கும். விளக்கின் ஒளியில் அதன் நிழல் சுவரில் விழும். இப்போது அங்கே மூன்று கோடுகள். பென்சில் கோடு கையின் முடிவு. கம்பி, கை விட்ட பிறகு பொருள் எடுத்த முடிவு. நிழல், அந்த அறையின் வெளிச்சம் எடுத்த முடிவு. எது வரைந்தது, எது நிழல் என்று தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

புகைப்படத்தில் பார்த்து இதைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், பள்ளியில் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்த்தேன். ஹார்டுவேர் கடையில் வாங்கிய கட்டுக்கம்பிதான். கோடு போட்டு, ஆணியடித்து, கம்பியைக் கோட்டின்மேல் விரலால் அழுத்திக்கொண்டு போனோம். விட்டதும் கம்பி எகிறி நின்றது. பிள்ளைகள் மறுபடியும் கோட்டின்மேல் அமுக்கப் பார்த்தார்கள், அது வரவில்லை. மின்விசிறி சுற்றியபோது கம்பி லேசாக நடுங்கியது. நிழலும் நடுங்கியது. பென்சில் கோடு மட்டும் அசையாமல் இருந்தது. ஒரு மாணவி சுவரில் கன்னத்தை வைத்து, கம்பிக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் அகலம்கூட இல்லாத இடைவெளி. அங்கேதான் இந்தக் கலை இருக்கிறது என்பது அவளுக்கு நான் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் சமாளிப்பதற்கு இடமில்லை. பெரிய ஓவியத்தில் ஒரு மூலை சரியாக வரவில்லை என்றால் மற்ற மூன்று மூலைகள் காப்பாற்றிவிடும். மூன்று அங்குலக் கயிற்றை ஓர் அங்குலம் தள்ளி அடித்தாலும் சுவர் முழுவதும் மாறிவிடும். அதனால்தான் தன் பொருள்களை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில் டட்டில் அவ்வளவு கவனம் செலுத்தினார். வழக்கமான கண்மட்டத்தை விட்டுவிட்டு, நாம் குனிந்து தேட வேண்டிய இடத்திலும் வைத்தார்.

1975 செப்டம்பரில் நியூயார்க்கின் விட்னி மியூசியம் இவருக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. பொறுப்பில் இருந்தவர் மார்சியா டக்கர் என்ற காப்பாட்சியர். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே படைப்புகளை மாற்றி மாற்றி அமைத்தார்கள். ஒருமுறை வந்தவர் பார்த்ததை அடுத்தமுறை வந்தவர் பார்க்கவில்லை. அதனால் விவர நூலை முன்கூட்டியே அச்சடிக்காமல், கண்காட்சி முடிந்த பிறகுதான் வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸின் ஹில்டன் கிரேமர் மிகக் கடுமையாக எழுதினார். குறைவே நிறைவு என்ற கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோயின் புகழ்பெற்ற கொள்கை தவறென்று நிரூபிக்க இந்தக் கண்காட்சி ஒன்றே போதும், இங்கே குறைவு வெறும் குறைவுதான் என்பது அவருடைய தீர்ப்பு. டக்கர் ஒளிந்துகொள்ளவில்லை. தாமதமாக வந்த விவர நூலில் அந்தத் திட்டுகளையும் சேர்த்தே அச்சிட்டார்.

கிரேமரின் கோபத்தை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தின் ஒரு தளம் முழுக்க நடந்தும் கண்ணை நிறைக்க ஒன்றும் இல்லையே என்று ஒருவருக்குத் தோன்றுவது நியாயமானதே. ஆனால் அவர் கணக்கெடுத்தது சுவரில் இருந்த பொருளை. அந்தப் பொருள் தன்னைச் சுற்றிலும் எதையெல்லாம் பார்க்கவைத்தது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்சியா டக்கர் சீக்கிரமே விட்னியில் வேலையை இழந்தார். டட்டில் கண்காட்சி கிளப்பிய எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. வேலை போன சூட்டோடு, 1977 ஜனவரியில் அவர் நியூயார்க்கிலேயே ஒரு புது அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பெயரே நியூ மியூசியம். உயிரோடு இருக்கும், இன்னும் பேர் பெறாத கலைஞர்களுக்கான இடம் அது. இன்று உலகம் அறிந்த நிறுவனம். டட்டிலின் செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாணியைப் பற்றியே பேசுகிறார்கள். சின்னக் கலை தனக்காக ஒருவரைப் பெரிய முடிவு எடுக்கவைத்ததும் செல்வாக்குதான் என்று நான் நினைக்கிறேன்.

டட்டிலின் பக்கம் அப்படி நின்றவர்களில் இன்னும் இருவர் ஹெர்பர்ட் வோகலும் டாரதி வோகலும். ஹெர்பர்ட் தபால் நிலையத்தில் இரவு ஷிஃப்டில் கடிதம் பிரிக்கும் குமாஸ்தா. டாரதி புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். 1962இல் கல்யாணம் ஆனது. டாரதியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது, ஹெர்பர்ட்டின் சம்பளம் முழுவதும் கலைப்படைப்பு வாங்கப் போனது. விலை கட்டுப்படியாக வேண்டும், டாக்ஸியிலோ சுரங்க ரயிலிலோ வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடிய வேண்டும், ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் வைக்க இடம் வேண்டும். அவர்கள் வகுத்துக்கொண்ட கணக்கு அதுதான். பூனைகள், ஆமைகள், மீன்தொட்டிகளுக்கு நடுவே கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் ஆயிரக்கணக்கில் படைப்புகள் சேர்ந்தன. அவர்கள் அதிகமாகச் சேர்த்தவர்களில் டட்டில் ஒருவர். நல்ல நண்பரும்கூட. சம்பளக்காரர் வாங்கக்கூடிய, கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய, வீட்டுச் சுவரில் அடங்கக்கூடிய கலையை அவர் செய்ததும், அப்படிப்பட்ட கலையைத் தேடி இந்தத் தம்பதி வந்ததும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் நடந்தது நம் அதிர்ஷ்டம்.

அவர்கள் எதையும் விற்கவில்லை. விற்றிருந்தால் கோடீஸ்வரர்கள். 1992இல் சேகரிப்பை நேஷனல் கேலரிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, கையில் வந்த படைப்பை விற்கும் வழக்கமும் கிடையாது என்பதால் அந்த இடம். அந்தச் சின்ன வீட்டைக் காலிசெய்ய ஐந்து பெரிய லாரிகள் தேவைப்பட்டன. மூன்று அங்குலக் கயிறு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். ஒரே நிறுவனத்தால் அத்தனையையும் வைத்துக்கொள்ள முடியாததால், 2008இல் இன்னொரு திட்டம் அறிவித்தார்கள். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் தலா ஓர் அருங்காட்சியகத்துக்கு 50 படைப்புகள் வீதம், மொத்தம் 2,500.

அப்படிப் பரவியவற்றில் டட்டில் 1980களின் தொடக்கத்தில் செய்த நோட்டுத்தாள் ஓவியங்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடுபோட்ட உதிரித்தாள். அதில் நீர்வண்ணத்தால் ஒன்றிரண்டு தீற்றல். நீர் பட்ட இடத்தில் மெல்லிய தாள் சுருங்கி அலையடித்திருக்கும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், நீர்வண்ணத்துக்குத் தடிமனான தாள் எடு, ஓரத்தில் டேப் ஒட்டி இழுத்துக் கட்டு என்பது. தாள் அலையடிக்காமல் இருக்கத்தான் அது. டட்டில் அந்த அலையை விட்டுவைக்கிறார். வண்ணம் காய்ந்த பிறகும் தண்ணீர் வந்துபோன தடம் தாளில் இருக்கிறது. தீற்றல் ஒரு நொடி வேலை, சுருக்கம் அதற்கப்புறம் தாள் தானே செய்துகொண்ட வேலை. கம்பியில் பார்த்த அதே விஷயம்.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஆக்னஸ் மார்ட்டின் வருகிறார். ஆறடிக் கான்வாஸில் பென்சிலால் மெல்லிய கட்டங்கள் வரைந்தவர், டட்டிலைவிட 29 வயது மூத்தவர். 1960களில் தொடங்கிய நட்பு 2004இல் மார்ட்டின் இறக்கும்வரை நீடித்தது. 1998இல் இருவரும் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். மார்ட்டின் வாழ்ந்த நியூ மெக்சிகோவிலேயே டட்டிலும் ஒரு வீடு அமைத்துக்கொண்டார், மனைவி கவிஞர் மே-மே பெர்சன்புருக்கோடு.

விட்னி திட்டு வாங்கியதற்குச் சரியாக 30 ஆண்டு கழித்து, 2005இல், சான் பிரான்சிஸ்கோ மாடர்ன் ஆர்ட் மியூசியம் அவருடைய வாழ்நாள் வேலைகளைத் திரட்டிக் காட்டியது. அந்தக் கண்காட்சி போன அடுத்த ஊர் நியூயார்க், அடுத்த இடம் அதே விட்னி. பிறகு டெ மாயின், டல்லஸ், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று சுற்றியது.

2014இல் லண்டன் டேட் மாடர்னின் பிரம்மாண்டமான டர்பைன் ஹாலில், 12 மீட்டருக்கும் அதிக உயரத்தில், இறக்கைகள் போல விரிந்த மரச்சட்டங்களில் சிவப்பும் ஆரஞ்சுமாகத் துணிகளைப் போர்த்தித் தொங்கவிட்டார். அந்தத் துணிகள் நம் குஜராத்தில் நெய்யப்பட்டவை. 1967இல் கான்வாஸைச் சாயத்தில் முக்கிய கைக்குத் துணிமேல் இருந்த பிரியம் அப்போதும் விடவில்லை என்று தெரிகிறது. இருந்தாலும் எனக்கு அந்தப் பெரிய டட்டில் ஒட்டவில்லை. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் நம்மைக் கிட்டே வரச்சொல்லும்போதுதான் அவருடைய பலம் முழுதாக வெளிப்படுகிறது. 2022இல் நியூயார்க்கின் பார்ட் கிராஜுவேட் சென்டரில் அப்படித்தான் செய்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த துணி, பாத்திரம், சின்னச் சின்னச் சாமான்களைக் காட்சிக்கு வைத்து, வந்தவர்களைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

பாணியின் செல்வாக்கைக் காட்ட ஓர் உதாரணம் போதும். டக்கர் தொடங்கிய நியூ மியூசியம் 2007 டிசம்பரில் பவரி தெருவில் தன் புதுக் கட்டடத்தைத் திறந்தது. அதற்கு ஓராண்டு முன்பே அவர் இறந்துவிட்டார். திறப்புக் கண்காட்சியின் பொருள், நினைவுச்சின்னமாக நிற்க மறுக்கும் சிற்பங்கள். அட்டை, கந்தல், கம்பி, உடைந்த மரச்சாமான் என்று கைக்குக் கிடைத்ததை ஒட்டியும் கட்டியும் செய்த வேலைகள், பல நாட்டுக் கலைஞர்களுடையவை. 1975இல் அவமானமாகப் பார்க்கப்பட்ட துணிச்சல் அவர்களுக்கு இயல்பாகியிருந்தது. அவர்கள் எல்லாரும் டட்டிலைப் படித்து வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதவை முதலில் தள்ளிய சிலரில் அவர் ஒருவர்.

அந்தப் பொருள்களில் பல நாளைக்கும் இருக்கும். துணி எண்கோணத்தை மடித்து வைக்கலாம், கயிற்றை டிராயரில் வைக்கலாம், காகித எண்கோணத்துக்கு மாதிரிப் படிவம் வைத்து வெட்டிக்கொள்ளலாம். கம்பி வேலைகளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கண்காட்சிக்கும் அவற்றை டட்டிலே வந்து சுவரில் வரைய வேண்டும். முடிந்ததும் சுவரைத் துடைத்துவிடுவார்கள். அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு வேறொருவர் படத்தைப் பார்த்துக் கோட்டைப் போட்டுக் கம்பியை வளைக்கலாமா? அருங்காட்சியகங்கள் அப்படிச் செய்ய ஆசைப்படும் என்று நினைக்கிறேன், நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் பிறர் போட்ட கோட்டைப் பார்த்து அப்படியே போடும் கை, தயங்கித் தயங்கித்தான் நகரும். ஓவிய வகுப்பில் இதைத் தினமும் பார்க்கிறேன். கம்பிக்கு அந்தத் தயக்கம் தெரிந்துவிடும். அந்த 48 வேலைகளையும் அவர் கையோடு நிறுத்திவிட்டு, படங்களையும் செய்முறையையும் மட்டும் காட்டுவதே சரி என்பது என் கருத்து. செய்து பார்க்க விரும்புகிறவர்கள் தங்கள் சுவரில் தங்கள் கோட்டைப் போட்டுக்கொள்ளட்டும்.